சோனியும் மைக்ரோசாஃப்டும் சேருமா? அந்தச் செய்தியை எடைபோடுவதும், வேறு வேறு கன்சோலில் சேர்ந்து விளையாடுவதும் எப்படி

"சோனியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஒரே கன்சோல் விடப்போகிறதாம்", "நிண்டெண்டோவை மைக்ரோசாஃப்ட் வாங்கப்போகிறதாம்" என்று அடிக்கடி ஒரு வீடியோ கிளம்பும். (கன்சோல் என்றால் டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி: சோனியுடையது ப்ளேஸ்டேஷன், சுருக்கமாக பிஎஸ்; மைக்ரோசாஃப்ட்டுடையது எக்ஸ்பாக்ஸ்; நிண்டெண்டோவுடையது ஸ்விட்ச்.) அதைப் பார்த்துவிட்டு கன்சோல் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கையில் இருக்கிற எக்ஸ்பாக்ஸை அவசரமாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பணம் போட்டு வாங்கிய பொருள், வருஷக்கணக்கில் சேர்த்த கேம்கள், வதந்தியை நம்பி விட்டுக்கொடுக்க வேண்டாம். அதனால் இந்த மாதிரி செய்தியை எப்படிப் படிப்பது, இருக்கிற ஒத்துழைப்பை வைத்து நீங்களும் நண்பர்களும் எப்படிச் சேர்ந்து விளையாடுவது என்று இரண்டையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போட்டி நிறுவனங்கள் சேருமா என்றால், ஏற்கெனவே பல இடங்களில் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. சேராத இடமும் உண்டு, அங்கே எளிதில் சேரவும் மாட்டார்கள். எது எந்த வகை என்று பிரிக்க நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதில் வரும் காசு யார் கல்லாவில் விழுகிறது?

செய்தி எதைப் பற்றியது என்று முதலில் பிரியுங்கள்

கன்சோல் தொழிலை அடுக்கு அடுக்காகப் பாருங்கள். வெளியே பெட்டி, உள்ளே சிப், அதில் ஓடும் கேம், ஆன்லைன் சர்வர், கடைசியாக கேம் விற்கிற கடை. "கூட்டு" என்று தலைப்பு வந்தால் இதில் எந்த அடுக்கு என்று பாருங்கள், பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெட்டியைச் சேர்ந்து செய்வதுதான் எல்லாரும் கனவு காண்பது. அது ஒரு தடவை கிட்டத்தட்ட நடந்தும் இருக்கிறது. சோனியில் வேலை பார்த்த கென் குடராகி, நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு ஒலிச் சிப்பை வடிவமைத்துக் கொடுத்தவர். அந்த உறவில் இருந்து 1988இல் ஓர் ஒப்பந்தம் பிறந்தது: சூப்பர் ஃபாமிகாமுக்கு சோனி சிடி டிரைவ் செய்யும், இரண்டும் சேர்ந்த பெட்டி ஒன்றை சோனி தன் பெயரிலும் விற்கும். 1991 ஜூனில் சிகாகோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியில் சோனி அந்தப் பெட்டியை அறிவித்தது, பெயர் 'ப்ளே ஸ்டேஷன்'. மறுநாளே அதே கண்காட்சியில் நிண்டெண்டோ, சிடி விஷயத்தில் தாங்கள் பிலிப்ஸோடு சேர்வதாக அறிவித்துவிட்டது. உலகம் பார்க்க நடந்த அவமானம் அது.

காரணம் தொழில்நுட்பம் இல்லை. சிடியில் வரும் கேம்களுக்கு உரிமம் கொடுக்கிற அதிகாரம் ஒப்பந்தப்படி சோனி கையில் போயிருந்தது. அடுத்தவர்கள் செய்யும் கேமுக்கு உரிமம் கொடுத்து வாங்கும் காசு நிண்டெண்டோவின் வருமானத்தில் முக்கியமானது, அதன் தலைவர் ஹிரோஷி யமவுச்சி அதைத் தூக்கிக்கொடுப்பாரா? பிலிப்ஸ் பக்கம் போனதற்கு விலையாக மரியோ, செல்டா பாத்திரங்களை பிலிப்ஸின் சிடி-ஐ கருவியில் பயன்படுத்தும் உரிமையை நிண்டெண்டோ கொடுக்க வேண்டி வந்தது, அந்த கேம்கள் எப்படி இருந்தன என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். சோனியோ தனியாகவே இறங்கி 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் ப்ளேஸ்டேஷனை விட்டது, மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். இரண்டு நிறுவனப் பெயரும் அச்சிட்ட அந்தப் பழைய மாதிரிப் பெட்டி ஒன்று 2015இல் வெளியே வந்து, 2020இல் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது.

இன்னொரு வழியும் முயன்று பார்த்தார்கள். ஒரு நிறுவனம் வடிவமைப்பைக் கொடுக்கும், யார் வேண்டுமானாலும் பெட்டி செய்து விற்கலாம் என்பது ட்ரிப் ஹாக்கின்ஸின் 3டிஓ. 1993இல் அமெரிக்காவில் பானாசோனிக் செய்த பெட்டி 699 டாலர். ஏன் அவ்வளவு விலை? கேம் விற்றால் வரும் உரிமத்தொகை 3டிஓ நிறுவனத்துக்குப் போனது, பெட்டி செய்த பானாசோனிக்குக்குப் பெட்டியில்தான் லாபம் பார்க்க வேண்டியிருந்தது. இதோடு 2021இல் எபிக் (ஃபோர்ட்நைட் கேமைச் செய்யும் நிறுவனம்)–ஆப்பிள் வழக்கில் மைக்ரோசாஃப்ட்டின் லோரி ரைட் சொன்ன சாட்சியத்தை வைத்துப் பாருங்கள்: எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை. பெட்டியில் விட்டதைக் கடையில் எடுக்கிறார்கள், டிஜிட்டல் கடையில் ஒவ்வொரு விற்பனைக்கும் வழக்கமான கமிஷன் 30 சதவீதம். பொதுப் பெட்டி ஒன்று வந்தால் நஷ்டத்தை யார் தாங்குவது, கமிஷனை யார் எடுப்பது? "ஒரே கன்சோல்" என்று வரும் செய்தியில் இதற்குப் பதில் இல்லை என்றால் தைரியமாக ஒதுக்கிவிடுங்கள்.

இதில் நிஜமாக நடப்பது வேறு மாதிரி இருக்கிறது. 2025 அக்டோபரில் ஆசுஸ் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் பெயரோடு 'ராக் எக்ஸ்பாக்ஸ் அலை' என்ற கைக்கருவியை விட்டது. உள்ளே ஓடுவது விண்டோஸ், அதனால் ஸ்டீம் (கணினி கேம்கள் விற்கும் ஆன்லைன் கடை) போடலாம், ஸ்டீமில் சோனி விற்கும் காட் ஆஃப் வார் போன்ற கேம்களையும் ஓட்டலாம். எக்ஸ்பாக்ஸ் என்று எழுதிய கருவியில் ப்ளேஸ்டேஷன் கேம்! ஆனால் சோனியும் மைக்ரோசாஃப்டும் எந்தக் கையெழுத்தும் போடவில்லை, நடுவில் ஸ்டீம் கடை இருக்கிறது, சோனிக்கு வேண்டிய காசு அங்கிருந்து வருகிறது. அவ்வளவுதான்.

சிப் விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். 2006 வாக்கில் எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3, நிண்டெண்டோவின் வீ மூன்றுக்குள்ளும் ஐபிஎம்மின் பவர்பிசி வழிவந்த சிப்கள்தான், இப்போது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் இரண்டுக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் சிப். "இரண்டும் ஒரே நிறுவனத்தின் சிப்" என்பதைக் கூட்டணி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரே கடையில் இருவர் சரக்கு எடுக்கிறார்கள், வேறொன்றும் இல்லை.

ஒப்பந்தத்தின் பெயரைப் பாருங்கள்

அறிக்கையில் வரும் வார்த்தைகளுக்கு எடை வேறு வேறு. 2019 மே மாதம் சோனியின் கெனிசிரோ யோஷிதாவும் மைக்ரோசாஃப்ட்டின் சத்யா நாதெள்ளாவும் கைகுலுக்கிய படம் வந்ததே, அது புரிந்துணர்வு ஒப்பந்தம். கேம் ஸ்ட்ரீமிங்குக்கு மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் கிளவுடைப் பயன்படுத்துவது பற்றிச் சேர்ந்து ஆராயலாம் என்பதுதான் அதன் சாரம். ஆராய்வது வேறு, செய்வது வேறு.

2023இல் நடந்ததைப் பாருங்கள், அது கனமானது. கால் ஆஃப் டியூட்டி கேமைச் செய்யும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை 68.7 பில்லியன் டாலருக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியில் அறிவித்திருந்தது, கால் ஆஃப் டியூட்டி எக்ஸ்பாக்ஸுக்குள் அடைபட்டுவிடும் என்று அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் மூன்றும் துருவிக்கொண்டிருந்தன. 2023 பிப்ரவரியில், கால் ஆஃப் டியூட்டியைத் தருவதாக நிண்டெண்டோவோடு 10 வருஷ ஒப்பந்தம் கையெழுத்தானது. கடைசிவரை எதிர்த்த சோனி, அமெரிக்க நீதிமன்றம் தடை தர மறுத்த சில நாட்களில், ஜூலை 16 அன்று தானும் 10 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டது. அன்பினால் வந்த ஒத்துழைப்பு இல்லை இது, சட்டத்தின் நெருக்கடியில் வந்தது. ஆனால் காலக்கெடு எழுதியிருக்கிறது, கட்டுப்படுத்துகிறது, அதனால் நம்பி கன்சோல் வாங்கலாம்.

ஆக, செய்தியில் 'ஆராய', 'பேச்சுவார்த்தை', 'ஆர்வம்' என்று இருந்தால் உங்கள் முடிவை மாற்றாதீர்கள். வருஷக் கணக்கு, கேம் பெயர், வெளியாகும் தேதி இருந்தால் கவனியுங்கள். நிண்டெண்டோவை வாங்கும் கதையும் இந்த முதல் வகைதான்: 2020இல், அப்போது எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் எழுதிய உள்மின்னஞ்சல் 2023இல் வழக்கு ஆவணங்களோடு கசிந்தது, அதில் நிண்டெண்டோவை வாங்கும் ஆசை தெரிந்தது. ஆசை இருந்தது உண்மை. விற்கும் ஆசை நிண்டெண்டோவுக்கு இருக்க வேண்டுமே.

வெளியே இருந்து பொதுவான தொல்லை வந்தால் மூவரும் உடனே ஒன்று சேர்வார்கள், இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஜூனில் சீனாவில் இருந்து வரும் கன்சோல்களுக்கு அமெரிக்கா வரி போடப்பார்த்தபோது மூன்று நிறுவனங்களும் ஒரே கடிதத்தில் எதிர்த்தன. 2020 டிசம்பரில் குழந்தைகள் பாதுகாப்பு, தொந்தரவு செய்யும் ஆட்டக்காரர்களைக் கட்டுப்படுத்துவது பற்றிச் சேர்ந்து அறிக்கை விட்டன. இது நல்ல விஷயம், எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஆனால் இதில் இருந்து ஒரே கன்சோலுக்குத் தாவ வேண்டாம்.

கேம் அந்தப் பக்கம் போகும்போது

பேஸ்பால் கேமான எம்எல்பி தி ஷோ 21ஐ சோனியின் ஸ்டூடியோதான் செய்தது, 2021இல் அது எக்ஸ்பாக்ஸுக்கு வந்து முதல் நாளே மைக்ரோசாஃப்ட்டின் சந்தாச் சேவையான கேம் பாஸிலும் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் கேம்களில், 2024இல் சீ ஆஃப் தீவ்ஸ் பிஎஸ்5க்கு, 2025 ஏப்ரலில் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5க்கு, ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வாரும் பிஎஸ்5க்கு. கியர்ஸ் போன அதே ஆகஸ்ட் 26 அன்று எதிர்த்திசையில் சோனி வெளியிடும் ஹெல்டைவர்ஸ் 2 எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. பெரிய கேம் ஒன்றின் செலவு இப்போது ஒரு கன்சோல்காரர்களிடம் மட்டும் விற்று எடுக்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது, அதனால் 30 சதவீதத்தைப் போட்டியாளருக்குக் கொடுத்தாலும் மிச்ச 70 லாபம்தான் என்று கணக்குப் போடுகிறார்கள்.

நீங்கள் வாங்கும்போது பார்க்க வேண்டியது, கடைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் 'கணக்கு தேவை' என்ற வரி. பிஎஸ்5இல் சீ ஆஃப் தீவ்ஸுக்கும் ஃபோர்ஸாவுக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். இதை அற்பம் என்று விடாதீர்கள். 2024 மே மாதம் ஸ்டீமில் ஹெல்டைவர்ஸ் 2 ஆடுபவர்கள் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று சோனி சொன்னபோது, அந்தக் கணக்கே திறக்க முடியாத நாடுகளில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், எதிர்ப்பு வெடித்து சில நாட்களில் சோனி பின்வாங்கியது. உங்கள் நாட்டில் அந்தக் கணக்கு திறக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

சரி, சேர்ந்து விளையாடுவது எப்படி

உங்களிடம் பிஎஸ்5, நண்பனிடம் எக்ஸ்பாக்ஸ், தங்கையிடம் ஸ்விட்ச். மூவரும் ஒரே ஆட்டத்தில் நிற்பதுதான் கிராஸ்-ப்ளே, போட்டி நிறுவனங்களின் ஒத்துழைப்பில் நமக்கு நேரடியாகக் கிடைத்த பலன் என்றால் இதுதான்.

இது புதிதும் இல்லை. 2002இல் பிஎஸ்2இல் தொடங்கிய ஃபைனல் ஃபேண்டசி 11இல் பிஎஸ்2, கணினி, 2006 முதல் எக்ஸ்பாக்ஸ் 360 ஆட்டக்காரர்கள் ஒரே சர்வரில் இருந்தார்கள். தொழில்நுட்பம் அப்போதே தயார். 2017 செப்டம்பரில் ஃபோர்ட்நைட்டில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஆட்டக்காரர்கள் தவறுதலாகக் கொஞ்ச நேரம் சந்தித்துக்கொண்டார்கள், அமைப்பில் நேர்ந்த பிழை என்று சொல்லி எபிக் மூடிவிட்டது. 2018 ஜூனில் ஸ்விட்சுக்கு ஃபோர்ட்நைட் வந்தபோது, பிஎஸ்4இல் ஆடிய கணக்கால் ஸ்விட்சில் நுழையவே முடியவில்லை, பிள்ளைகள் வருஷம் முழுக்க சேர்த்த பொருளெல்லாம் ஒரு பக்கமே நின்றது. கோபம் கிளம்பி, செப்டம்பர் 26 அன்று சோனி கதவைத் திறந்தது. ஏன் தயங்கியது என்பது மேலே சொன்ன 2021 எபிக்–ஆப்பிள் வழக்கில் தெரிந்தது: ஒருவர் பிளேஸ்டேஷனில் அதிக நேரம் ஆடிவிட்டு வேறு இடத்தில் காசு செலவழித்தால், கேம் நிறுவனம் சோனிக்கு ஈடு கட்ட வேண்டும் என்ற விதியை வைத்திருந்தது. மறுபடியும் கல்லா.

இனி செய்முறை. கேமைப் போடுவதற்கு முன்னால் அதன் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் கிராஸ்-ப்ளே எந்தெந்தக் கருவிகளுக்கு என்று பாருங்கள், "உண்டு" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். ஈஏ எஃப்சி கால்பந்தில் பிஎஸ்5காரர் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ்காரரோடு ஆடலாம், ஆனால் பிஎஸ்4காரர் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் பக்கத்தோடுதான். தலைமுறை ஒத்துப்போகிறதா என்பதை இந்த கேமில் தவறாமல் பார்க்க வேண்டும். முதல் தடவை முயல்கிறவர்களுக்கு ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், மைன்கிராஃப்ட் மூன்றில் ஒன்றைச் சொல்வேன். மூன்றும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் ஓடும்.

அடுத்தது கணக்கு. பிஎஸ் நண்பர் பட்டியலில் எக்ஸ்பாக்ஸ் நண்பன் தெரியவே மாட்டான், அதனால் நடுவில் கேம் நிறுவனத்தின் கணக்கு ஒன்று வேண்டும்: ஃபோர்ட்நைட்டுக்கும் ராக்கெட் லீக்குக்கும் எபிக், கால் ஆஃப் டியூட்டிக்கு ஆக்டிவிஷன், கால்பந்துக்கு ஈஏ, மைன்கிராஃப்ட்டுக்கு மைக்ரோசாஃப்ட். பிஎஸ்5இலோ ஸ்விட்சிலோ மைன்கிராஃப்டைத் திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்கு என்று அழுத்தினால் திரையில் ஒரு குறியீடு வரும், அதை போனில் அவர்கள் சொல்லும் முகவரியில் தட்டினால் இணைந்துவிடும். அப்புறம் ஒவ்வொருவரும் அந்தக் கணக்குப் பெயரைப் பரிமாறி நண்பராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று: ஏற்கெனவே வேறு கருவியில் ஆடியிருந்தால் 'புதுக் கணக்கு' என்பதை அழுத்தவே கூடாது. அவசரத்தில் புதிதாகத் திறந்தால் உங்கள் கன்சோல் அந்தக் காலிக் கணக்கோடு கட்டப்பட்டுவிடும், பழைய கணக்கில் இருக்கும் பொருள்கள் இங்கே வராது, மறுபடி பிரித்து இணைக்கப் பல நிறுவனங்கள் நிபந்தனையும் காத்திருப்பும் வைக்கின்றன. பழைய மின்னஞ்சலை, கடவுச்சொல்லை முதலில் தேடி எடுங்கள்.

இணைத்தும் ஆட முடியவில்லையா? கேம் அமைப்பில் கிராஸ்-ப்ளே இயக்கத்தில் இருக்கிறதா என்று எல்லாரும் பாருங்கள், ஒருவர் அணைத்திருந்தாலும் வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸில் இன்னொரு பூட்டும் உண்டு: அமைப்புகளில் கணக்கு, தனியுரிமைப் பகுதிக்குள் போனால், மற்ற வலையமைப்பில் இருப்பவர்களோடு ஆட அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். குழந்தைக் கணக்கு என்றால் அதைப் பெற்றோர் கணக்கில் இருந்துதான் மாற்ற முடியும். பிளேஸ்டேஷனிலும் குழந்தைக் கணக்குக்குத் தொடர்புக் கட்டுப்பாடுகள் தனியாக இருக்கின்றன. தெரியாதவர்களிடம் இருந்து குரல், செய்தி வருவதைத் தடுத்துவிட்டு ஆட்டத்தை மட்டும் திறந்து வைப்பது நல்லது.

எல்லாம் சரி, ஆனாலும் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கிறது என்றால் நெட்வொர்க் சோதனையில் நாட் வகை (வெளி இணைப்புகளை ரவுட்டர் எவ்வளவு உள்ளே விடுகிறது என்பது) என்ன என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸில் 'ஸ்டிரிக்ட்', பிஎஸ்இல் 'டைப் 3' என்று வந்தால் அதுதான் வில்லன். ரவுட்டரில் யுபிஎன்பி வசதியை (கன்சோலுக்கு வேண்டிய வழியை ரவுட்டர் தானாகத் திறப்பது) இயக்கிப் பாருங்கள். நம் ஊரில் பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன, அப்படி இருந்தால் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயன் குறைவு, வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுத் தனி பொது ஐபி கேளுங்கள், சிலர் சின்னத் தொகைக்குத் தருகிறார்கள்.

பேசிக்கொள்ள, கேமுக்குள்ளேயே குரல் வசதி இருந்தால் அது போதும். இல்லையென்றால் குரலில் பேசும் செயலியான டிஸ்கார்ட், எக்ஸ்பாக்ஸிலும் பிஎஸ்5இலும் கணக்கை இணைத்துப் பேசலாம், ஸ்விட்ச் வைத்திருப்பவர் போனில் டிஸ்கார்டைத் திறந்து ஒரு காதில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். துப்பாக்கி விளையாட்டில் கணினிக்காரர்களோடு மோத விருப்பம் இல்லையென்றால், சில கேம்களில் 'கன்சோல்கள் மட்டும்' என்ற தேர்வு இருக்கும், தேடிப் பாருங்கள்.

எது கூட வரும், எது வராது

ஆட்டத்தில் ஏறிய நிலை, திறந்த உடைகள் பெரும்பாலும் கணக்கோடு வரும். காசு கொடுத்து வாங்கிய கேமுக்குள் இருக்கும் நாணயம் வராமல் போகலாம், எந்தக் கடையில் வாங்கினீர்களோ அங்கேயே நிற்கிற கேம்கள் உண்டு, வாங்கும் முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள். கேம் மட்டும் நிச்சயமாக வராது: பிஎஸ்5இல் வாங்கிய மைன்கிராஃப்டை எக்ஸ்பாக்ஸில் திறக்க முடியாது, மறுபடி காசுதான். சந்தாவும் அப்படியே. ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு ஆன்லைன் சந்தா தேவையில்லை, எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ், கேம் பாஸ், நிண்டெண்டோ சந்தா என்று அவரவர் அவரவருக்குக் கட்ட வேண்டும். மூவருக்கும் பொதுவான ஒரு சந்தா கிடையாது, அது வந்தால் அன்றைக்கு உண்மையிலேயே பெரிய செய்தி.

இதை வைத்துக் கன்சோல் தேர்வு செய்கிறவர்கள், நண்பர்கள் ஆடும் கேம்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, கிராஸ்-ப்ளே உள்ளதை எல்லாம் அடித்துவிடுங்கள். அவற்றுக்காக எந்தப் பெட்டியும் வாங்கலாம். அடிபடாமல் நிற்கிற பெயர்களைப் பாருங்கள். மரியோ, செல்டா அங்கே இருந்தால் நிண்டெண்டோவைத் தவிர வழியில்லை, அவர்கள் தங்கள் சொந்த கேமைப் போட்டிக் கன்சோலுக்குக் கொடுப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் கேம்களுக்காக மட்டும் எக்ஸ்பாக்ஸ் வாங்க நினைத்தால், அந்த கேம் பிஎஸ்5க்கு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள், ஹேலோவின் புது வடிவத்தைக்கூட 2026இல் பிஎஸ்5க்கும் விடுவதாக அறிவித்தார்கள். சோனியின் ஒற்றை ஆள் கதை கேம்கள் வேண்டும் என்றால் பிஎஸ்5, அல்லது கொஞ்சம் பொறுத்து ஸ்டீமில் வருமா என்று பார்க்கலாம், எல்லாம் வருவதில்லை, வந்தாலும் தாமதமாகத்தான். கையில் இருக்கும் கன்சோலை விற்கத் தோன்றினால், அதன் கடையில் இதுவரை வாங்கிய டிஜிட்டல் கேம்களின் பட்டியலைத் திறந்து, புதுக் கன்சோலில் அவற்றை மறுபடி வாங்க எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.